தொதல் கிண்ட சிலிக்கோன் கரண்டி சரிப்படுமா?

கீழக்கரை தொதல்வீடு எழுதியது:

எல்லாருக்கும் சலாம். கீழக்கரையில் வீட்டிலிருந்தே தொதல் கிண்டி ஆர்டருக்குக் கொடுக்கிறேன். பதினோரு வருடமாக இதுதான் எனக்குத் தொழில். பெருநாள், கல்யாணம், துபாய்க்கும் மலேசியாவுக்கும் பெட்டி கட்டுகிறவர்கள் என்று மாதத்துக்கு எட்டு பத்துச் சட்டியாவது இறங்கும்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒரு வார்த்தை. பச்சரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி, ஜவ்வரிசி, முந்திரி, ஏலம் போட்டுக் கிண்டுகிற கறுப்பு அல்வாதான் தொதல். நான் ஒரு கிலோ மாவுக்குப் பன்னிரண்டு தேங்காய் உடைப்பேன். முதல் இரண்டு மணி நேரம் கஞ்சி மாதிரி இருக்கும், கை வலிக்காது. பால் வற்றி எண்ணெய் கக்க ஆரம்பித்த பிறகுதான் வேலையே. சட்டியிலிருந்து சுருண்டு வரும்வரை ஒரு நிமிடம் கையை எடுக்க முடியாது, எடுத்தால் அடி பிடித்துவிடும். அடுப்பு விறகடுப்பு, எரிப்பது சீமைக்கருவேலம்.

உம்மா வைத்திருந்த மரத்துடுப்பில்தான் இத்தனை நாளும் கிண்டினேன். அதன் ஓரம் நைந்து சிம்பு சிம்பாக வர ஆரம்பித்துவிட்டது. போன நோன்புப் பெருநாளுக்கு வாங்கிப் போன ஒரு வீட்டில், பிள்ளை வாயில் நூல் போல ஒரு மரச்சிராய் அகப்பட்டிருக்கிறது. அவர்கள் கோபிக்கவில்லை, பக்குவமாகத்தான் சொன்னார்கள். ஆனாலும் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதைக் கேட்டுத் தம்பி துபாயிலிருந்து வரும்போது சிகப்பு சிலிக்கோன் செட் ஒன்று வாங்கி வந்தான். துடுப்பு, தோசைத் திருப்பி, குழிக்கரண்டி, இடுக்கி, எண்ணெய் தடவும் பிரஷ் எல்லாம் அதில் இருந்தன. ஏர்வாடிச் சந்தனக்கூடு சமயத்தில் போட்டிருந்த கடையில் நீலத்தில் இன்னொரு துடுப்பு நானே வாங்கினேன், அறுபது ரூபாய்.

இப்போது மூன்று சிக்கல்.

சிகப்புத் துடுப்பு மூன்றாவது சட்டியில் கழுத்து வளைந்துவிட்டது. வளைந்தது நிமிரவில்லை. தலைப்பகுதி அப்படியே புதிது போல இருக்கிறது.

நீலம் இரண்டாவது தடவையிலேயே பிசுபிசு என்றாகிவிட்டது. அழுத்தினால் கைரேகை பதிகிறது. தண்ணீரில் கழுவினாலும் போகவில்லை.

குழிக்கரண்டியால் மீன் ஆணம் (குழம்பு) அள்ளினேன். மறுநாள் அதையே பால் கஞ்சிக்குப் போட்டேன், கஞ்சியில் மீன் வாடை. முண்டு மிளகாய் நிறமும் கரண்டியிலேயே நின்றுவிட்டது.

இது பிளாஸ்டிக் உருகுவது மாதிரிதானா? உருகியது தொதலில் கலந்திருக்குமா? ஜனங்கள் காசு கொடுத்து வாங்கித் தங்கள் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற பண்டம் என்பதால் பயமாக இருக்கிறது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். வெள்ளிக்கிழமைக்கு நாலு கிலோ ஆர்டர் கையில் இருக்கிறது.

---

பாம்பன் பாசிக்காரி எழுதியது:

அக்கா, பயப்படாதீங்க. பிசுக்குக்கு எங்கள் வீட்டில் ஒரே மருந்து மண்ணெண்ணெய்தான். வீட்டுக்காரர் போட் எஞ்சின் வேலை பார்ப்பவர், கையில் எந்தப் பிசுக்கு ஒட்டினாலும் அதில்தான் கழுவுவார். நீலக் கரண்டியை ஒரு ராத்திரி அதில் ஊறப்போட்டுப் பாருங்கள்.

சிலிக்கோன் கெட்ட சாமான் இல்லை என்பது என் அனுபவம். நானும் அம்மாவும் பாசி எடுக்கக் கடலுக்குள் போகிறவர்கள். முகத்தில் மாட்டும் கண்ணாடியைச் சுற்றி ஒரு விளிம்பு இருக்கும், அதுதான் தண்ணீர் உள்ளே வராமல் அணைத்துப் பிடிக்கும். முன்னால் அம்மா வைத்திருந்தது கறுப்பு ரப்பர். உப்பிலும் வெயிலிலும் கிடந்து ஒரு வருடத்தில் பாளம் பாளமாக வெடித்துவிடும், கன்னத்தில் குத்தும். இப்போது வைத்திருப்பது கண்ணாடி மாதிரித் தெரிகிற சிலிக்கோன் விளிம்பு. நாலாவது வருடம் ஓடுகிறது. கொஞ்சம் மஞ்சள் பூத்திருக்கிறதே தவிர மெத்தென்றுதான் இருக்கிறது. அதனால் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

---

மண்டபம் மோல்டிங் எழுதியது:

தங்கச்சி, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எதையும் மண்ணெண்ணெயில் போடாதீர்கள். பாம்பன் தங்கச்சி நல்ல மனதோடு சொன்னதுதான், ஆனால் சிலிக்கோனுக்கு மண்ணெண்ணெய், பெட்ரோல், டீசல் ஆகவே ஆகாது.

அம்பத்தூரில் ஒரு ரப்பர் கம்பெனியில் 19 வருடம் அச்சில் சாமான் அடிக்கிற வேலை பார்த்தேன். குக்கர் கேஸ்கட், ஓ-ரிங் என்கிற கசிவு தடுக்கும் வளையம், மிக்ஸி ஜார் வாஷர் எல்லாம் என் கையால் போயிருக்கின்றன. ஒருமுறை வெள்ளை சிலிக்கோன் ஓ-ரிங் ஒன்று மண்ணெண்ணெய் டப்பாவில் விழுந்ததைக் கவனிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டோம். மறுநாள் எடுத்தால் ஊறின கொண்டைக்கடலை மாதிரி உப்பிக் கிடந்தது. நகத்தால் கீறினேன், வெண்ணெய் போலப் பிளந்தது. ஜன்னலில் வைத்து இரண்டு நாள் காய்ந்ததும் பழைய அளவுக்கே திரும்பிவிட்டது. வாடை மட்டும் கடைசிவரை போகவில்லை. சமையல் கரண்டியில் அந்த வாடை ஏறினால் தொதலின் கதி என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சிலிக்கான் வேறு, சிலிக்கோன் வேறு. சிலிக்கான் ஒரு தனிமம். அது ஆக்சிஜனோடு சேர்ந்தால் சிலிக்கா, மணலின் முக்கியமான சரக்கு அதுதான். நம் கரை மணலில் அதோடு சிப்பித்தூளும் பவளத்தூளும் கலந்திருக்கும். மணலை மின் உலையில் கரியோடு சுட்டுச் சிலிக்கானைப் பிரித்து, அதை மெத்தில் குளோரைடோடு செம்பு வைத்து வினைபுரிய விட்டு, வருவதைத் தண்ணீரோடு சேர்த்துக் கோத்தால் சிலிக்கோன் வருகிறது. அந்த வழியை 1940இல் அமெரிக்காவில் யூஜீன் ரோச்சோ கண்டுபிடித்தார். அதே சமயத்தில் ஜெர்மனியில் முல்லர் என்பவரும் தனியாகக் கண்டுபிடித்தார். பெயர் அதற்கும் முந்தையது. இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் பேராசிரியராக இருந்த ஃபிரெடெரிக் கிப்பிங் 1900களின் தொடக்கத்தில் வைத்தது. கீட்டோன் வகைப் பொருள்களோடு ஒப்பிட்டு 'கோன்' என்று முடித்தார். பிறகு பார்த்தால் இதன் அமைப்பு கீட்டோன் மாதிரியே இல்லை, பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

மணலிலிருந்து வருவதால் இயற்கைப் பொருள் என்று சிலர் விற்கிறார்கள். அதை நம்ப வேண்டாம். இது தொழிற்சாலையில் பிறந்த சாமான், மண்ணில் மக்காது. நல்லதா கெட்டதா என்பதை அதன் குணத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

குணம் எங்கிருந்து வருகிறது என்றால், சாதாரண பிளாஸ்டிக்கின் முதுகெலும்பு கார்பனும் கார்பனும் கோத்த சங்கிலி. சிலிக்கோனில் சிலிக்கான், ஆக்சிஜன், மறுபடி சிலிக்கான், ஆக்சிஜன் என்று மாறி மாறிக் கோத்திருக்கும். அந்தப் பிணைப்பு சூட்டுக்குச் சுலபத்தில் அறாது. அதனால் நல்ல சிலிக்கோன் ஃப்ரீசரில் 40 டிகிரி உறைநிலைக்குக் கீழேயும் விறைக்காது, 220 டிகிரி செல்சியஸ் வரையும் தாங்கும். உருகுவது என்ற பேச்சே அதற்குக் கிடையாது. ஒருமுறை அச்சில் வெந்து இறுகியது மறுபடி குழம்பாகாது. அளவுக்கு மீறிச் சூடானால் காய்ந்து, வெடித்து, பொடியாகும்.

அந்தச் சங்கிலியின் இரண்டு பக்கமும் மெத்தில் கொத்துகள், அதாவது ஒரு கார்பனோடு மூன்று ஹைட்ரஜன் சேர்ந்தவை, துருத்திக்கொண்டிருக்கும். அவற்றுக்குத் தண்ணீர் பிடிக்காது, எண்ணெய் பிடிக்கும். கரண்டியில் தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடுவதும், எண்ணெய் மட்டும் ஒட்டிக்கொண்டு போக மறுப்பதும் இதனால்தான். உங்கள் மீன் வாடைக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. வாடையும் மிளகாய் நிறமும் எண்ணெயில் கரைகிறவை. எண்ணெயோடு சேர்ந்து மேல்தோலுக்குள் ஊறிவிடும். நமது முண்டு மிளகாய்க்கு நிறம் அதிகம், ஊறினால் தெரியத்தான் செய்யும். உடம்புக்குக் கெடுதல் ஒன்றும் இல்லை. சோடா உப்பைக் குழைத்துப் பூசி ஒரு மணி நேரம் விட்டு வெந்நீரில் கழுவி, இரண்டு நாள் நல்ல வெயிலில் போடுங்கள். மிளகாய் நிறமும் மஞ்சள் நிறமும் வெயிலுக்கு வெளுக்கும். நம்மூரில் வெயிலுக்கா பஞ்சம்? ஆனால் மீன் வாடை முழுக்கப் போகும் என்று நான் சொல்ல மாட்டேன். மீனுக்கு ஒரு கரண்டி, பாலுக்கும் இனிப்புக்கும் ஒரு கரண்டி என்று பிரித்துவிடுவதுதான் வழி. குக்கர் கேஸ்கட் வெள்ளையாக இருந்தால் அதற்கும் இதே கதைதான்.

இப்போது சிகப்புத் துடுப்பு. தலை நன்றாக இருக்கிறது, கழுத்து வளைந்தது என்கிறீர்கள். கிண்டாமல் நிற்கும்போது துடுப்பை எங்கே வைப்பீர்கள்? சட்டி விளிம்பில் சாய்த்து வைப்பீர்களா? வளைந்த இடத்தில் விரல் அகலத்துக்கு ஒரு பள்ளமோ நிறம் மங்கிய தடமோ இருக்கிறதா பாருங்கள்.

ஏன் கேட்கிறேன் என்றால், தொதல் சட்டிக்குள் இருக்கும் சூடு சிலிக்கோனுக்கு ஒரு பொருட்டே இல்லை. தண்ணீர் இருக்கும்வரை 100 டிகிரியைத் தாண்டாது, கடைசியில் பாகு இறுகும்போது இன்னும் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான். ஆனால் விறகடுப்பில் தீ நாக்கு சட்டியைச் சுற்றி மேலே ஏறும். மாவு தொடாத வெறும் இரும்பு விளிம்பு எளிதாக 300 டிகிரிக்கு மேல் போய்விடும். சிலிக்கோன் மட்டும் தனியாக நின்றால் துவண்டுவிடும் என்பதற்காக உள்ளே ஒரு தண்டு வைப்பார்கள். விலை கூடின சாமானில் அது எஃகு, மற்றதில் நைலான். நைலான் வகையைப் பொறுத்து 220லிருந்து 260 டிகிரிக்குள் உருகிவிடும், இளகுவது அதற்கும் முன்னாலேயே. மேலே போர்த்திய சிலிக்கோன் நிற்கும், உள்ளே இருக்கும் எலும்பு வளையும். உங்களுக்கு நடந்தது அதுதான் என்று நினைக்கிறேன். அப்படியானால் உருகினது உறைக்குள்ளேயே இருக்கிறது, தொதலில் கலக்கவில்லை.

நீலம் எனக்குச் சந்தேகம். அழுத்தினால் கைரேகை பதிகிறது என்றால் அது சிலிக்கோனாக இருக்காது. சூட்டுக்கு இளகுகிற ரப்பர் மாதிரி பிளாஸ்டிக் ஒரு ரகம் இருக்கிறது, தொட்டால் வித்தியாசம் தெரியாது. மேலே மட்டும் பிசுக்கு என்றால் அது பொரித்த எண்ணெய் காய்ந்த படலமாக இருக்கலாம், அது சோடா உப்புக்கும் வெந்நீருக்கும் போய்விடும். உள்ளேயே இளகியிருந்தால் வேறு.

வளைத்துப் பிடித்து வெள்ளைக் கோடு தெரிந்தால் போலி என்று பலரும் சொல்வார்கள். அதை முழுசாக நம்பாதீர்கள். நல்ல சிலிக்கோனிலும் வலுவுக்காக மெல்லிய சிலிக்காத் தூள் கலக்கத்தான் செய்வோம். மலிவுச் சாமானில் சுண்ணாம்புத் தூளைக் கொட்டுவார்கள், அது வெளுக்கும். நிறம் கெட்டியாக இருந்தால் வெளுப்பதே கண்ணுக்குத் தெரியாது. நிச்சயமான சோதனை நெருப்புதான். கைப்பிடி முனையில் நகக்கண் அளவு வெட்டி, வாசலுக்குப் போய், இடுக்கியில் பிடித்துக் கொளுத்துங்கள். சிலிக்கோன் சட்டென்று பற்றாது. பற்றினால் வெள்ளைப் புகை விட்டு வெள்ளைச் சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பல் சிலிக்கா, மணலாகவே திரும்பிவிட்டது என்று வையுங்கள். பிளாஸ்டிக் கறுப்புப் புகை விட்டு, மெழுகுவர்த்தி போல் சொட்டும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

கலக்குமா என்று கேட்டீர்கள், மழுப்பாமல் சொல்கிறேன். நல்ல சிலிக்கோனிலும் கோக்காமல் விட்டுப்போன சின்ன மூலக்கூறுகள் கொஞ்சம் இருக்கும். கொழுப்பிலும் சூட்டிலும் அவை வெளியே வரும். புதிதில் அதிகம், போகப்போகக் குறையும். அவற்றை விரட்டத்தான் அச்சிலிருந்து எடுத்த சாமானைக் கம்பெனியில் 200 டிகிரி அடுப்பில் நாலு மணி நேரம் மறுபடி வேக வைப்போம். மின்சாரம் மிச்சம் என்று இதைத் தாண்டிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியில் இதே சூட்டில் இதே நேரம் வைத்து, ஆவியாகிப் போவது எடையில் அரை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறார்கள். டி4, டி5, டி6 என்ற மூன்று சின்ன சிலிக்கோன் வளையங்களை 2018இல் ஐரோப்பிய ரசாயன முகமை மிகுந்த கவனம் வேண்டிய பொருள்களின் பட்டியலில் சேர்த்தது. அதனால் வாங்கிப் பிரித்ததும் மருந்து வாடையோ ரப்பர் வாடையோ அடித்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பிளாட்டினம் வைத்து இறுக்கியது என்று எழுதியிருந்தால் நல்லது. பெராக்சைடு வைத்து இறுக்குவதில் கழிவு மிஞ்சும், அதை மறுபடி வேக வைத்துத்தான் போக்க வேண்டும்.

கடைசியாக, தொதல் கிண்ட சிலிக்கோன் வேண்டாம் என்பதுதான் என் எண்ணம். சூட்டுக்காகச் சொல்லவில்லை. நாலு மணி நேரம் தேங்காய் எண்ணெயில் ஊறும், கடைசி ஒரு மணி நேரம் அந்த இறுக்கத்துக்கு வளையும். சிலிக்கோனுக்குக் கிழிசல் தாங்கும் வலு குறைவு. அடிபிடித்த கருப்பட்டியின் கூரில் ஒரு சின்ன வெட்டு விழுந்தால் அங்கிருந்தே பிய்ந்துகொண்டு போகும். நீங்கள் அஞ்சுகிற மரச்சிராய்க்குப் பதிலாக ரப்பர்த்துண்டு அகப்படும். கிண்டுவதற்கு மரம், வழிப்பதற்குச் சிலிக்கோன். சட்டியிலிருந்து தட்டில் கொட்டும்போது மூலையில் ஒட்டினதை வழித்தெடுக்க அதுக்கு ஈடு கிடையாது.

---

கீழக்கரை தொதல்வீடு எழுதியது:

அண்ணன், உங்களுக்கு ரொம்பப் புண்ணியம். நேற்று அஸர் (சாயங்காலத் தொழுகை) முடிந்த பிறகு வாசலில் வைத்து இரண்டையும் சோதித்தேன்.

சிகப்பின் கைப்பிடி முனையில் கடுகு அளவு வெட்டினேன். தீக்குச்சிக்கு லேசில் பிடிக்கவில்லை, மூன்று குச்சி போனது. பிடித்ததும் வெள்ளையாக ஒரு புகை. அணைந்த பிறகு உள்ளங்கையில் தட்டினால் கோலமாவு மாதிரி வெள்ளைப் பொடி, ஊதினால் பறந்துவிட்டது. நீலம் முதல் குச்சியிலேயே பற்றி, கறுப்பாகப் புகைந்து, சொட்டுச் சொட்டாகத் திண்ணைச் சிமெண்டில் விழுந்தது. விழுந்த இடத்தில் கறுப்புப் பொட்டு, சுரண்டினாலும் போகவில்லை. அதை வைத்து இரண்டு சட்டி கிண்டியிருக்கிறேன். யார் யாருக்குக் கொடுத்தேன் என்று நோட்டில் இருக்கிறது, மூன்று வீடு. மூன்று வீட்டுக்கும் சொல்லிவிட்டேன், அடுத்த முறை காசு வாங்கப் போவதில்லை.

சிகப்பின் கழுத்தை வெளிச்சத்தில் பார்த்தேன். நீங்கள் சொன்ன மாதிரியே விரல் அகலத்துக்கு ஒரு தடம், அங்கே மட்டும் சிகப்பு மங்கி, தொட்டால் வறட்டென்று இருக்கிறது. மாவில் ஜவ்வரிசி போடப் போகும்போதெல்லாம் விளிம்பில்தான் சாய்த்து வைப்பேன். அதேதான்.

இன்னொரு சந்தேகம். அந்த செட்டில் இருந்த குழிக்கரண்டிக்கு மரக் கைப்பிடி. தலையை இழுத்தால் கழன்று வந்தது. உள்ளே கறுப்பாகப் பூஞ்சை. சிலிக்கோனிலும் பூஞ்சை பிடிக்குமா?

---

மண்டபம் மோல்டிங் எழுதியது:

சிலிக்கோனைப் பூஞ்சை தின்னாது. தலைக்கும் கைப்பிடிக்கும் நடுவில் நின்ற தண்ணீரிலும் எண்ணெயிலும், கைப்பிடி மரத்திலும் வளர்ந்தது அது. கழுவும்போதெல்லாம் தலையைக் கழற்றி, குழியைத் துடைத்து, வெவ்வேறாகக் காய வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் நம் கடற்கரை ஈரத்துக்கு அப்படியே விட்டால் நாலு நாளில் பூத்துவிடும். இனி வாங்கினால் ஒரே வார்ப்பாக, இணைப்பு இல்லாமல் இருப்பதைப் பாருங்கள்.

இன்னொரு விஷயமும் ஞாபகம் வருகிறது. செட்டில் சிலிக்கோன் கையுறை இருந்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டி இறக்கப் பிடிதுணி வைத்திருப்பீர்கள், அது ஈரமாக இருந்தால் சூடு நொடியில் கைக்கு ஏறி ஆவி சுட்டுவிடும். என் அம்மாவுக்கு அப்படித்தான் இடது கை முழுக்கக் கொப்பளித்தது. சிலிக்கோன் தண்ணீரை உறிஞ்சாது, சூட்டையும் மெதுவாகத்தான் கடத்தும். ஈரக் கையுறையாலும் இறக்கலாம், உள்பக்கம் மட்டும் காய்ந்திருக்கட்டும்.

---

சாயல்குடி பனைவீடு எழுதியது:

அக்கா, குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் வீட்டில் பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றுகிறோம். சிலிக்கோனால் எங்களுக்குக் கிடைத்த பலனைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

கருப்பட்டி தேங்காய்ச் சிரட்டையில்தான் ஊற்றுவோம். பெரிய கருப்பட்டிக்கு அதுதான் அழகு, இன்னமும் அதை மாற்றவில்லை. ஆனால் டீக்கு ஒரு துண்டு போடுகிற மாதிரிச் சின்னதாகக் கேட்கிறார்கள். முதலில் தகர அச்சில் ஊற்றினோம். தட்டித் தட்டி எடுப்பதற்குள் பாதி உடையும், உடைந்ததை மறுபடி காய்ச்சினால் நிறம் கறுத்து ஒரு கசப்பு வந்துவிடும். போன பருவத்தில் என் தங்கை கேக் செய்ய வைத்திருந்த பதினைந்து குழி சிலிக்கோன் அச்சை எடுத்துப் பாகை ஊற்றிப் பார்த்தோம். ஆறினதும் அடியில் பெருவிரலால் ஒரு அமுக்கு, அமுக்கினதும் முத்து மாதிரி வெளியே வந்து விழுந்தது. எண்ணெய் தடவவில்லை, மாவு தூவவில்லை. அம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், ஓரம் ஒன்றுகூட உடையவில்லை.

இரண்டு விஷயம் அடிபட்டுத் தெரிந்துகொண்டோம். அச்சு தொளதொள என்று இருப்பதால் முதலில் பலகையில் வைத்துவிட்டுத்தான் ஊற்ற வேண்டும், ஊற்றிவிட்டுத் தூக்கினால் சூடான பாகு காலில் கொட்டும். இன்னொன்று, சிரட்டையை விட அச்சில் மெதுவாகத்தான் ஆறுகிறது, அவசரப்பட்டு அமுக்கினால் நடுவில் குழைந்திருக்கும். கூர்க்கத்தி வைத்துக் கிளறாதீர்கள், ஒரு குழியைத் தம்பி அப்படிக் கீறிவிட்டான், அந்தக் குழியில் இப்போது ஒட்டுகிறது.

தொதலை இந்த மாதிரிச் சின்னச் சின்னதாக ஊற்றினால் வெளிநாட்டுப் பெட்டிக்கு நன்றாக இருக்குமே?

---

மண்டபம் மோல்டிங் எழுதியது:

சாயல்குடித் தம்பி சொன்னது சரியான உபயோகம். பாகின் சூடு சிலிக்கோன் தாங்குகிற எல்லைக்கு ரொம்பக் கீழே, கத்தி படாது, எண்ணெயும் இல்லை. ஒட்டாத குணம் முழுசாகப் பயன்படுகிறது. தொதலில் எண்ணெய் இருப்பதால் அந்த அச்சைத் தொதலுக்கு மட்டும் என்று ஒதுக்கிவிடுங்கள். மணமுள்ள சோப்பு போட்டுக் கழுவாதீர்கள், சோப்பு மணத்தையும் அது பிடித்து வைத்துக்கொள்ளும், அடுத்த தொதலில் எலுமிச்சை சோப்பு மணக்கும்.

---

பாம்பன் பாசிக்காரி எழுதியது:

அண்ணே, நல்லவேளை சொன்னீங்க. இதைப் படித்ததும் கண்ணாடி கிடக்கிற கூடையைப் பார்த்தேன். போட்டில் டீசல் கேனுக்குப் பக்கத்திலேயே இத்தனை நாள் வைத்திருந்தேன். எடுத்து வீட்டுக்குள் மாட்டிவிட்டேன். அக்கா, மண்ணெண்ணெய் சொன்னதை மனதில் வைத்துக்கொள்ளாதீங்க.

---

கீழக்கரை தொதல்வீடு எழுதியது:

அதெல்லாம் ஒன்றும் இல்லை தங்கச்சி, நீங்கள் சொல்லப் போய்த்தான் அண்ணன் இவ்வளவையும் எழுதினார்கள்.

இன்று காலை ஆசாரி வீட்டுக்குப் போனேன். பூவரசு மரத்தில் புதுத் துடுப்பு ஒன்று, ஒரே பலகையில், ஓரம் வட்டமாகச் சீவித் தரச் சொல்லியிருக்கிறேன். உம்மாவின் துடுப்பையும் கொண்டு போனேன். சிம்பு வந்த ஓரத்தை இரண்டு விரல் அகலம் சீவி எடுத்தார். உள்ளே மரம் பொன் நிறத்தில் கெட்டியாக இருந்தது. அகலம் குறைந்ததால் ஒரு கிலோ சட்டிக்குப் போதும்.

சிகப்புத் துடுப்பின் கழுத்தை, வளைந்த இடத்துக்குக் கீழே, வீட்டுக்காரர் அறுத்துவிட்டார். கைப்பிடி இல்லாமல் தலை மட்டும் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. முந்தாநாள் ஆணம் சட்டியை அதால் வழித்துப் பார்த்தேன், கழுவ ஒன்றும் மிஞ்சவில்லை. அதனால் அது இனி ஆணத்துக்கு. இனிப்புக்குத் தம்பியிடம் எஃகுத் தண்டு வைத்தது ஒன்று கேட்டிருக்கிறேன்.

சாயல்குடித் தம்பி, உங்கள் அச்சில் ஒரு குழி எத்தனை கிராம் பிடிக்கும்? இருபத்தைந்து கிராம் என்றால் வெள்ளிக்கிழமை நாலு கிலோவுக்கு நூற்றி அறுபது துண்டு வரும். பத்து பத்தாகக் கட்டிவிடலாம்.